படம் முடிந்தால்தான் பந்தி

இந்த வருடம் கெடாவெட்டு முறை சின்னுசாமியுடையது. பங்காளிகளுக்குள் வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும் முறை அது. முறைக்காரர் ஆடு வாங்க வேண்டும், பந்தல் போட வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அதற்குப் பதிலாக அன்றைக்கு ஒருநாள் அவர் சொன்னதுதான் சட்டம். முறைக்காரர் வாய் திறந்து "எலையப் போடு" என்று சொல்லாமல், சேந்தமங்கலத்துப் பக்கம் இருக்கும் அவர்கள் குலசாமி கோயிலில் எப்பேர்ப்பட்ட பணக்காரனும் பந்தியில் உட்கார முடியாது.

சின்னுசாமி இந்த முறை வருவதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். சாமிக்காக அல்ல. சாமிக்கு அவர் எப்போதும் போல ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் காத்திருந்தது மகளுக்காக.

உறவு வீட்டு விசேஷம் என்றால் ஒருவருக்கொருவர் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். பையன் எங்கே வேலை, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறது, பேரன் நடக்கிறானா என்று கேட்டுக் குடைவார்கள். சின்னுசாமியிடம் மட்டும் மழையைக் கேட்பார்கள். முட்டை விலையைக் கேட்பார்கள். முழங்கால் வலியைக்கூட உட்கார்ந்து ஆதியோடு அந்தமாகக் கேட்பார்கள். மகள் தனப்பிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். செத்துப்போனவர்களைப் பற்றியாவது "நல்ல மனுசன்" என்று இரண்டு வார்த்தை பேசுகிற கூட்டம், உயிரோடு இருக்கிற பெண்ணைப் பற்றி வாயே திறக்காது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் மகன் ஜெகதீஸ்வரன் தன் மச்சானுக்கு அவளைக் கேட்டு வந்தான். அவள் முடியாது என்று சொல்லிவிட்டுச் சினிமா எடுக்கப் போனாள். அதையும் நாலு பேர் பார்க்கிற சினிமாவாக எடுத்திருந்தால் உறவுக்காரர்கள் மன்னித்திருப்பார்கள். அவள் எடுத்தது எந்த ஊர்த் தியேட்டருக்கும் வராத சினிமா. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பேச்சுக்கூடக் கொஞ்சம்தான். சேலத்துப் பேப்பர் ஒன்று அவளைச் சர்ரியலிச இயக்குநர் என்று எழுதியது. அப்படியென்றால் என்ன என்று சின்னுசாமி போனில் கேட்டார்.

"தூக்கத்துல கனவு வருதில்லீங்கப்பா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. ஆனா பாக்கறப்ப நெசமாட்டவே இருக்கும். அந்த மாதிரி."

"அதுக்குத்தான் தெனமும் தூங்கறமே சாமி."

அவள் சிரித்தாள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெட்டி வந்ததும் எல்லாம் மாறிப்போனது. பிரான்சில் ஒரு கம்பெனி அவளுடைய படங்கள் அத்தனையையும் வட்டுகளில் ஏற்றி, வீட்டிலேயே வைத்துப் பார்க்கும்படி ஒரே பெட்டியாகப் போட்டிருந்தது. கூரியர்காரன் கொண்டுவந்தபோது சின்னுசாமி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கேட்காத பொருள் வாசலுக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு வில்லங்கம் வரும் என்பது முப்பது வருடம் லாரி ஓட்டிய அவருடைய அனுபவம். மகளுக்குப் போன் போட்டுக் கேட்டு, கூரியர்காரனையும் அவளோடு பேசவைத்த பிறகுதான் பெட்டியைத் தொட்டார்.

கருப்பு அட்டைப்பெட்டி, செங்கல் கனம் கனத்தது. முன்பக்கம் ஒரு பெட்டைக்கோழி எரிகிற குண்டு பல்புகளை அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் தனப்பிரியாவின் படம், சுற்றிலும் அவருக்குத் தெரியாத எழுத்து. அவர் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த எழுத்தை அவருடைய வாத்தியாருக்கே படிக்கத் தெரிந்திருக்காது.

"பிரான்சுக்காரன் எதுக்குச் சாமி இதுக்குக் காசு போடறான்? அவனுக்கு இதுல என்ன ஆகோணும்?" என்று கேட்டார்.

"படம் புடிச்சிருக்குதாம்ப்பா."

"புடிச்சதுக்கெல்லாமா பொட்டி பண்ணுவாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நல்லாப் படிச்சயா?"

"படிச்சனுங்கப்பா."

"கடேசிப் பக்கமும்?"

"ஆமாங்கப்பா."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி டிவிக்கு மேலே வைத்தார். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைப் பிரிக்க விடவில்லை. மனைவி ஆத்தாயி ஒருநாள் பிரிக்கப் போனதற்கு, "சீல் இருந்தாத்தான் புதுசுன்னு நம்புவாங்க. கெடாவெட்டுக்கு வர்ற ஒறம்பரைச் சனத்து முன்னால பிரிக்கறதுக்கு வெச்சிருக்கறேன்" என்றார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு நாம மொதல்ல பாக்க வேண்டாமா?"

"நம்ம புள்ள எடுத்தது. அதுல பாக்கறதுக்கு என்ன கெடக்குது?"

இப்படித்தான் அவர் தான் பார்க்காத படத்தை ஊருக்குக் காட்டக் கிளம்பினார். யாரையும் நம்பாத மனிதர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர், இது ஒன்றை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு குஞ்சு ஷெட் இருந்தது. கோழிகளை ஏற்றி அனுப்பி, கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காலியாகக் கிடந்தது. பட்டப்பகலில் படம் தெரிய வேண்டுமென்றால் இருட்டு வேண்டும் என்று புரொஜெக்டர்காரர் சொன்னார். அவரைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சின்னுசாமி லாரித் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து ஷெட்டை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். வெங்காய லோடுக்குக் கட்டுவது போலக் கட்டினார். உள்ளே ஊசி முனை வெளிச்சம் இல்லை. கோழி வாசம் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

காலையில் ஆடு வெட்டியானதும் சாமி முன்னால் வைத்துப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒவ்வொரு உறையிலும் ஒரு வட்டு. புது வண்டி எடுத்தாலும், புது மோட்டார் இறக்கினாலும், ஒரு ஸ்பேனர் வாங்கினால்கூட அவர் பொட்டு வைக்காமல் வேலைக்கு எடுத்ததில்லை. ஆகவே ஒவ்வொரு வட்டையும் கையில் ஏந்தி, சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஒரு பக்கம் ஏதோ அச்சடித்திருந்தது. மறுபக்கம் கண்ணாடியாகப் பளபளத்தது, அவருடைய முகமே அதில் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வைத்தார். முகம் தெரிகிற பக்கம்தானே முகம்.

அப்புறம் பந்தலுக்கு வந்து சொன்னார்.

"எல்லாரும் ஷெட்டுக்குள்ள வந்து உக்காருங்க. என்ற மக எடுத்த படம் ஒண்ணு ஓடும். படம் முடிஞ்சாத்தான் பந்தி."

அண்டாவிலிருந்து கறிக்குழம்பு வாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது.

ஜெகதீஸ்வரன்தான் முதலில் பேசினான். தீவன மில் வைத்திருக்கிறவன், நாலு பேர் சிரிக்கும்படி பேசத் தெரிந்தவன். "சித்தப்பா, வெட்டுன ஆடுகூட இவ்வளவு நேரம் காத்திருக்கலீங்களே."

"ஆட்டுக்கு முறை இல்ல. எனக்கு இருக்குது" என்றார் சின்னுசாமி.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் ஷெட்டுக்குள் போனார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்தார்கள். புரொஜெக்டர்காரர் ஒரு வட்டை எடுத்து, பெட்டி வந்த பிறகு மகள் அனுப்பிவைத்த கருவிக்குள் தள்ளினார். சுண்ணாம்புச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

படத்தில் ஒரு ஆள் வந்தான். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் ஒரு இரும்புத் தடி. நின்றிருந்த லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் காற்று இருக்கிறதா என்று கேட்டான். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்புறம் அவன் வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டினான். தண்ணீர்க் குடத்தைத் தட்டினான். தூங்குகிற மாட்டின் முதுகைத் தட்டினான். ஒவ்வொன்றிலிருந்தும் டயர்ச் சத்தமே வந்தது.

"சித்தப்பா, இது நீங்கதான்" என்று இருட்டிலிருந்து ஒரு குரல். "எங்கூட்டுக்கு வந்தா சோபாவையே தட்டிப் பாத்துட்டுத்தான உக்காருவீங்க."

கூட்டம் சிரித்தது. சின்னுசாமிக்குக் காது சூடானது. ஆனாலும் அது கேலிச் சிரிப்பா வேறு சிரிப்பா என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அந்த ஆள் கிணற்றுச் சுவரைத் தட்டினான். உள்ளிருந்து லாரி ஹாரன் பதில் சொன்னது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு லாரி கிணற்றிலிருந்து மேலே வந்தது. லோடாக ஒரு ஓட்டு வீடு, அதன்மேல் தார்ப்பாய். வீட்டு ஜன்னலில் ஒரு சிறுமி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கெணத்துக்குள்ள வண்டிய எப்படி எறக்குனாங்க?"

"கிரேன்லதான்."

"கெணத்து அகலம் பத்தாதுப்பா. பம்பர் இடிக்கும்" என்றது ஜெகதீஸ்வரன் குரல்.

"லோட விட கயிறப் பாரு. என்ன அழகாக் கட்டியிருக்கறான்."

சின்னுசாமி கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கட்டுகிற கட்டு. இரண்டு சுற்று சுற்றி, உள்ளே கொடுத்து இழுத்து, மிச்சத்தைச் சொருகுகிற கட்டு. அவருக்குக் கிளீனராக வந்தவர்களில் பாதிப் பேருக்கே அது வந்ததில்லை. இவள் எப்போது பார்த்தாள்? வாசலில் வண்டி நிற்கும்போது புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், படிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தார். பிரான்சில் எவனோ ஒருவன் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இருட்டு என்பதால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

லாரியை விட்டு அந்த ஆள் பூட்டியிருந்த ஒரு பெரிய கதவுக்கு முன்னால் வந்தான். தடியை ஓங்கித் தட்டினான். ணங். மறுபடியும் ஓங்கித் தட்டினான். ணங். மறுபடியும் அதேபோல ஓங்கினான். ணங்.

தட்டிக்கொண்டே இருந்தான். கூட்டம் பொறுமையாகப் பார்த்தது.

"தொறக்கற வரைக்கும் தட்டுவான் போலிருக்குது. வைராக்கியக்காரன்" என்றாள் பாவாயி. சின்னுசாமியின் அக்கா. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

ணங். ணங். ணங்.

கடைசியில் ஜெகதீஸ்வரன் எழுந்து நின்றான். அவன் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. "அத்தை, அவன் தொறக்க மாட்டான். படம் சிக்கிக்கிச்சு. அது தெரியாம நாமளும் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறோம்."

ஷெட்டே வெடித்துச் சிரித்தது. இந்தமுறை எந்தச் சிரிப்பு என்பதில் சந்தேகம் இல்லை. புரொஜெக்டர்காரர் பொத்தான்களை அமுக்கினார். கதவும் தடியும் அப்படியே நின்றன. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே நழுவ ஆரம்பித்தார்கள்.

"உக்காருங்க" என்றார் சின்னுசாமி. "படம் முடியல."

அந்த நேரம் பார்த்துத்தான் தனப்பிரியா உள்ளே வந்தாள். கெடாவெட்டு என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தது. சேலத்தில் பஸ் மாறி, தோளில் பையோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். சுவரைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் கருவியைத் திறந்து வட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அப்பா, இதுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

"நாந்தான். புது வண்டிய பொட்டு வெக்காம ரோட்டுக்கு எறக்குவாங்களா?"

"வெச்சது செரிங்கப்பா. படம் பதிஞ்சிருக்கறது இந்தப் பக்கம். மூஞ்சி அந்தப் பக்கம்."

மீண்டும் சிரிப்பு. இந்தச் சிரிப்பு இனி எல்லா விசேஷத்துக்கும் தன்னோடு வரும் என்று சின்னுசாமிக்குத் தெரிந்தது. தனக்கு வந்தால் போகட்டும், அவள் படத்தோடும் சேர்ந்தல்லவா வரும் என்பதுதான் உறுத்தியது. இதைவிடப் பெட்டியைச் சீலோடு டிவி மேலேயே வைத்திருக்கலாம்.

தனப்பிரியா தண்ணீர் வாங்கித் துணியை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, புள்ளைங்கெல்லாம் அழுவுது, யாரும் சாப்பிடலயா இன்னும்?" என்றாள்.

கரண்டியோடு வாசலில் நின்ற சமையல்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார். "படம் முடிஞ்சாத்தான் பந்தின்னு உங்கய்யன் உத்தரவுங்க அம்மிணி. கறி வெந்து கரையுது."

அவள் அப்பாவைத் தார்ப்பாய் ஓரம் அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ற படத்துக்கு ஆளக் கட்டி வெச்சிருக்கறீங்களா?"

"உட்டா ஒருத்தனும் இருக்க மாட்டான். சோத்தத் தின்னுட்டு வண்டிய எடுத்துருவாங்க."

"எடுக்கட்டுங்கப்பா. பாரிஸ்ல போட்டப்பப் பாதிப் பேரு எந்திரிச்சுப் போனாங்க."

சின்னுசாமி திகைத்துப்போனார். "அப்பறம் எதுக்கு அவன் பொட்டி போட்டான்?"

"மீதிப் பாதி உக்காந்திருந்தாங்கல்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பயமோ வருத்தமோ இருக்கிறதா என்று தேடினார். இல்லை. லோடு கட்டி முடித்தவன் கையைத் தட்டிவிட்டு நிற்பானே, அப்படி நின்றாள். இவளுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தார். பயம் முழுக்கத் தன்னுடையது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சமையல்காரர் பக்கம் திரும்பி, "எலையப் போடு" என்றார்.

கூட்டம் ஒரே மூச்சில் பந்தலுக்குப் போனது. முறைக்காரர் பந்தியைச் சுற்றி வர வேண்டும், வந்தார். குழம்பு போதுமா, ரத்தப் பொரியல் வந்ததா என்று கேட்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை. தனப்பிரியாவும் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள். இலைக்கு முன்னால் அவள் குனிந்தபோது தலையை நிமிர்த்தாமல் "போதும்" என்று கையைக் காட்டினார்கள்.

கெடாவெட்டில் கை கழுவிய ஆள் நிற்க மாட்டான். அங்கே அதுதான் வழக்கம். சொல்லிக்கொள்வதெல்லாம் கிடையாது, வண்டி கிளம்பும் சத்தம்தான் சொல்லிக்கொள்வது. சின்னுசாமி ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு வேன் கிளம்பியது. ஜெகதீஸ்வரனின் கார் உறுமியதும் கேட்டது.

பாவாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். பஸ் பிடிக்கிற பக்கம் அல்ல, ஷெட் பக்கம்.

"எங்கக்கா போற?" என்றார்.

"அந்தக் கதவு தொறந்துச்சா இல்லையான்னு தெரியாம நான் எப்படிடா ஊட்டுக்குப் போறது? ராத்திரி தூக்கம் வருமா?"

அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் போனார்கள். கிணற்று அகலம் பற்றிச் சண்டை போட்ட மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். கை காயாத பிள்ளைகள் ஓடின. வந்திருந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கார் சத்தம் நின்றது. ஜெகதீஸ்வரன் இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், "வெயிலு தாந்த பொறகு போலாம்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான்.

மறுபடியும் ணங் என்றது. இந்தமுறை மூன்றாவது தட்டில் கதவு திறந்தது.

கதவுக்குப் பின்னால் தண்ணீர் நின்றது. தரையிலிருந்து நிலைப்படி வரை, சுவர் போல நட்டமாக நின்றது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. உள்ளே ஒரு மீன் மெதுவாகத் திரும்பியது. அந்த ஆள் தடியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடித்தான். அப்புறம் கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ஷெட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. போர்வெல் போட்டுப் போட்டுப் புகையை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். ஆயிரம் அடி இறக்கியும் பாறைத்தூள் மட்டும் வந்த கதை அங்கே எல்லா வீட்டிலும் இருந்தது.

"பூட்டி வெக்காம என்ன பண்ணுவான்" என்றாள் பாவாயி மெதுவாக.

படம் முடிகிற வரை யாரும் எழுந்திருக்கவில்லை. சமையல்காரர்கூடக் கரண்டியோடு தார்ப்பாய் இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் வந்ததும் ஜெகதீஸ்வரன் தொண்டையைக் கனைத்தான்.

"தனப்பிரியா, அது யாரு கெணறு?"

"வெளியூர்ல ஒரு பாழுங் கெணறுங்ணா. வடக்கால செவுத்த இடிச்சுத்தான் வண்டிய எறக்குனோம்."

"அதான பாத்தேன். பம்பர் இடிக்கும்னு அப்பவே சொன்னனே." அவன் பக்கத்தில் இருந்தவர்களை வெற்றியோடு பார்த்தான். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா கிரேன் அனுப்பியிருப்பன். செவுத்த இடிச்சிருக்க வேண்டியதில்ல."

"ஏங்கண்ணு, அந்தத் தண்ணி கொட்டாம எப்படி நின்னுச்சு?" என்றாள் பாவாயி. "இப்ப எங்க இருக்கற நீயி? அடுத்தது என்ன எடுக்கற? அதுல யாராச்சும் பேசுவாங்களா?"

அவளைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் இன்னொருவர் கேட்டார். அவள் பதில் சொல்லித் தீரவில்லை. ஆத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். சின்னுசாமி அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. தூணில் சாய்ந்து நின்று ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஜெகதீஸ்வரன் கையில் பெட்டியோடு வந்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல இன்னும் நாலு படம் இருக்குதாமா சித்தப்பா. ஒரு வாரத்துக்குக் குடுங்க, ஊட்டுல புள்ளைங்க பாக்கட்டும். பத்திரமாத் திருப்பிக் குடுத்தர்றன்."

சின்னுசாமி அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உன்ற கைக்குக் குடுக்கறது ஆகாது. பாக்கோணும்னா என்ற ஊட்டுக்கு வா. பொண்டாட்டி புள்ளையோட வா. உன்ற மச்சானையும் கூட்டிக்கிட்டு வா."

ஜெகதீஸ்வரன் சிரித்தான். "வாரேன். மொதல்ல படமா, மொதல்ல சோறா?"

"சோறுதான். தின்னுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போனாலும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டன்."

"நெசமாவா சித்தப்பா?"

"சொல்ல மாட்டன்" என்றார் சின்னுசாமி. "யாரு எந்திரிக்கறதுன்னு பாத்துக்கிட்டு மட்டும் இருப்பன்."